லமார் பள்ளத்தாக்கில் ஒரு கயோட்டிக் காலை

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் பனிக்காலத்திலும் கார் ஓட்டிப் போக முடிகிற சாலை ஒன்றுதான்: கார்டினரிலிருந்து குக் சிட்டி வரை, சுமார் 90 கிலோமீட்டர். டவர் சந்திப்பைத் தாண்டியதும் லமார் பள்ளத்தாக்கு விரியும். குக் சிட்டிக்குக் கிழக்கே குளிர்காலத்தில் வழி கிடையாது, வந்த வழியேதான் திரும்ப வேண்டும். அதனால் கார்டினரிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். ஜனவரியில் விடிவதற்கே எட்டு மணி ஆகும்.

வருகிறவர்கள் தேடுவது ஓநாயை. கண்ணில் பட்டது கயோட்டி, அதாவது ஓநாயைவிடச் சிறிய வட அமெரிக்கக் காட்டு நாயினம், என்று தெரிந்ததும் வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். அப்படிப் போகாதீர்கள். ஓநாய் பெரும்பாலும் தூரத்துப் புள்ளி. கயோட்டியோ சாலையோரத்திலேயே தன் பிழைப்பைக் காட்டும்.

அடையாளம் சுலபம். கூரான நீண்ட காது, ஒடுங்கிய மூக்கு, ஓடும்போது தாழ்ந்து தொங்கும் வால். எடை 11 முதல் 16 கிலோ. நம்மூர் நரியைவிடச் சற்றே பெரியது. ஓநாய்க்குக் காது குட்டை, முகம் அகலம். பனியில் தடம் கிடைத்தால் கயோட்டியுடையது நீள்வட்டமாக ஆறேழு சென்டிமீட்டர் இருக்கும். ஓநாயுடையது பத்துக்கு மேல்.

ஒற்றைக் கயோட்டி வெண்பனியில் நின்று தலையை ஒருக்களித்தால் அசையாமல் கவனியுங்கள். இரண்டு காதும் முன்னால் குவியும். பனிக்கடியில் தரையை ஒட்டி வழி குடைந்து ஓடும் வோல் எலிகளின் சரசரப்பைத்தான் அது கேட்கிறது. ஓரடி நகரும், மறுபடி நிற்கும். திடீரென எழும்பி வில்லாக வளைந்து, முன்பாதங்களும் மூக்கும் ஒரே இடத்தில் இறங்கும்படி பாயும். பகலில் உருகிய பனி இரவில் இறுகி மேலே ஓடு கட்டியிருந்தால் பாதம் உள்ளே போகாது, எலி தப்பிவிடும். ஆகவே புதுப்பனி விழுந்த மறுநாள் காலைதான் சிறந்தது.

சாலையோரத்துக்கு 10x42 பைனாகுலர் போதும். ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் சூடான காற்றில் உருவம் நெளியும். இறங்கி நின்று பாருங்கள். கேமரா பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும், உள்பையில் வையுங்கள்.

1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அதுவரை இங்கே நாயினத்தில் கயோட்டியை மிரட்ட ஆளில்லை. பிறகு இந்த வடபகுதியில் கயோட்டிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது. ஓநாய் கொன்றுபோட்ட எல்க் மானின் மிச்சத்துக்கு இன்றும் வருகின்றன, ஆனால் இரண்டு வாய் தின்பதும் தலை தூக்கிப் பார்ப்பதுமாக. அசந்தால் உயிர் போகும்.

ஜனவரி முதல் மார்ச் வரை இணைசேரும் காலம்; ஜோடியாகத் திரிவதைக் காணலாம். 63 நாள் கர்ப்பம், ஏப்ரலில் வளைக்குள் குட்டிகள், வழக்கமாக நாலிலிருந்து எட்டு. முந்தைய ஈற்றுக் குட்டிகள் சில கூடவே தங்கி, தம்பி தங்கைகளுக்கு இரை கொண்டுவந்து தரும்.

கயோட்டிக்கு 23 மீட்டர், ஓநாய்க்கும் கரடிக்கும் 91 மீட்டர் இடைவெளி விடுவது பூங்காவின் சட்டம். ஒரு பிஸ்கட்கூடப் போடக்கூடாது. தீனிக்குப் பழகியது சாலையிலேயே நிற்கும், வண்டியில் அடிபட்டுச் சாகும். ஆளை நெருங்கத் தொடங்கினால் பூங்காக்காரர்களே கொல்ல நேரிடலாம்.

பொழுது சாயும்போது என்ஜினை அணைத்துவிட்டு வெளியே நில்லுங்கள். ஒன்று ஊளையைத் தொடங்கும், இன்னொன்று கீச்சிட்டுக் குரைத்துச் சேரும். குரல் மாறிக்கொண்டே இருப்பதால் ஏழெட்டு கூடிவிட்டதாகத் தோன்றும். பைனாகுலரில் தேடினால் மேட்டில் நிற்பது இரண்டே இரண்டு.