மூளை இருந்தது, பிறப்புச் சான்றில் பெயர் இல்லை

போன வாரம்தான் மகளின் கணக்கில் உதவித்தொகை 12,000 ரூபாய் ஏறியதாகக் குறுஞ்செய்தி வந்தது. அதற்கு நான் பட்ட அலைச்சலை எழுதிவைக்கிறேன். வேறு யாருக்காவது பஸ் காசு மிச்சமாகட்டும்.

முதல் சறுக்கல் அவள் ஐந்தாவது படித்தபோது. எங்கள் ஊர் நாகூருக்குப் பக்கம். எல்லையைத் தாண்டினால் புதுச்சேரி மாநிலத்தின் காரைக்கால். அங்கே இருக்கும் மைத்துனன், "அத்தான், பாப்பாவை மத்திய அரசோட நவோதயா பள்ளிக்கு எழுதச் சொல்லுங்க. ஆறாவதிலிருந்து தங்கிப் படிக்கலாம், காசே வேணாம்" என்றான். நுழைவுத் தேர்வில் எண்பது கேள்வி, அதில் பாதி மனத்திறன். இவளுக்கு அதெல்லாம் விளையாட்டு. கடையைச் சாத்திவிட்டு நேரில் போய் விசாரித்தேன். காரைக்கால் மாவட்டத்திலேயே குடியிருந்து, அங்கேயே ஐந்தாவது படிக்க வேண்டுமாம். தமிழ்நாட்டில் நவோதயா கிடையாது. மும்மொழிச் சண்டையில் அது கோர்ட் வரை போன கதை. வாஞ்சூர் எல்லையைத் தாண்டிச் சரக்கு வாங்கப் போகிறவனிடம் யாரும் இருப்பிடச் சான்று கேட்பதில்லை, படிக்கப் போகிற பிள்ளையிடம்தான் கேட்கிறார்கள். மைத்துனன் முகவரியைப் போட்டுவிடலாம் என்று பிரவுசிங் சென்டர்காரர் யோசனை சொன்னார். செய்யாதீர்கள். படிக்கிற பள்ளியின் தலைமை ஆசிரியர் சான்று கொடுக்க வேண்டும், அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

சரி, அடுத்த வாய்ப்பு எட்டாவதில் வரும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு. நடுவில் மூன்று வருஷம் அவள் வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஊர்ப் பள்ளியிலேயே கொஞ்சம் கடினமான கணக்குக் கொடுக்க ஆள் இருந்தால், காரைக்காலையும் பார்க்க வேண்டாம், எட்டாவது வரை காத்திருக்கவும் வேண்டாம்.

தேர்வு சிக்கலில்லாமல் முடிந்தது. பள்ளி வழியாக விண்ணப்பம், கட்டணம் ஐம்பது ரூபாய், மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 பேர், அதில் இவளும் ஒருத்தி. ஊரே வாழ்த்தியது. மாதம் ஆயிரம், ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டு வரை.

வில்லங்கம் அப்புறம்தான். தேர்ச்சி பெற்றால் பணம் தானாக வராது. ஒன்பதாவதில் தேசிய உதவித்தொகைத் தளத்தில் தனியாகப் பதிய வேண்டும். பள்ளிப் பதிவில் அவள் பெயருக்கு முன்னால் இன்ஷியல், ஆதாரில் என் பெயர் முழுசாகப் பின்னால். தளம் ஏற்கவில்லை. ஐப்பசி மழை, பாதி நாள் கரண்ட் இல்லை, கடைசித் தேதி நெருங்குகிறது. ஆதாரில் பெயரைத் திருத்த, மையத்தில் காலையிலிருந்து டோக்கனோடு உட்கார்ந்து, முறை வந்தபோது, "பிறப்புச் சான்றில் பிள்ளை பெயரே இல்லையே" என்றார் அங்கே வேலை பார்க்கும் பெண். பார்த்தேன். பாலினம், பிறந்த தேதி, எங்கள் பெயர் எல்லாம் இருந்தது, பெயர்க் கட்டம் மட்டும் காலி. பதினான்கு வருஷமாக யாரும் கவனிக்கவில்லை.

பதினைந்து வயதுக்குள் என்பதால் தப்பித்தோம். பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் தாமதக் கட்டணம் கட்டிப் பெயர் சேர்க்கலாம். அங்கேயும் ஒரு கிளார்க், "இதுக்கு இப்ப என்ன அவசரம்?" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாவது முறை மகளையே கூட்டிப்போனேன். கடைசித் தேதியை அவளே சொன்னாள். அன்றைக்கே முடிந்தது.

இன்னும் சில விஷயம். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கவும் வேண்டும். பத்தாவதில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் உதவித்தொகை போய்விடும்.

குறுஞ்செய்தி வந்த இரவு, நாலாவது படிக்கும் சின்னவனின் பிறப்புச் சான்றையும் எடுத்துப் பார்த்தேன். அதே கட்டம் காலி.