வாடகை வந்த வேகத்தில் ஒரு வீடு

2021 நவம்பரில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவு, பதினொரு மணிக்குப் பக்கத்துப் போர்ஷன் அம்மா கதவைத் தட்டினார். "அண்ணே, உங்கள் பக்கம் ஒழுகவில்லையா?" என்றார். எங்கள் பக்கம் ஒரு சொட்டுகூட இல்லை. அவர் கூடத்தில் மூன்று குண்டான்களும் ஒரு வாளியும் நின்றன. தையல் இயந்திரத்தைத் தார்ப்பாயால் மூடியிருந்தார். மறுநாள் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தபோதுதான் சங்கதி புரிந்தது. தண்ணீர் இறங்கியது எங்கள் பக்கத்தில்தான். உள்ளே போனது உத்திரத்தின் மேலாகவே ஓடி, நடுச்சுவரைத் தாண்டி அவர் தலையில் சொட்டியிருக்கிறது.

கும்பகோணத்தில் 1952-ல் என் தாத்தா தனக்கும் தம்பிக்குமாகக் கட்டிய வீடு அது. நடுவே ஒரு சுவர். இரண்டு பக்கமும் ஒரே அச்சில் திண்ணை, ரேழி, கூடம், சமையலறை, கொல்லை. கிணறு பொது. மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரத்தின் மேல் கட்டைகள், அவற்றின் மேல் சாய்வாகக் குத்திட்டு அடுக்கிய சிறிய செங்கல், அதற்கு மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும், கடைசியாகத் தட்டோடு. சின்னத் தாத்தாவின் பங்கை அப்பா விலைக்கு வாங்கினார். அந்தப் பக்கத்தில் பதினோரு வருடமாக அந்த அம்மாவும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாடகை 6,500 ரூபாய்.

முதலில் வந்த ஒப்பந்தக்காரர் அண்ணாந்து பார்த்தார், இரண்டே நிமிடம். மேல்தளம் முழுவதையும் இடித்துவிட்டு கான்கிரீட் போட வேண்டும், ஒன்பதரை லட்சம் ஆகும், இரண்டு குடும்பமும் ஐந்து மாதம் காலி செய்ய வேண்டும் என்றார். நான் கணக்கெழுதிப் பிழைப்பவன். அவர் போனதும் பேப்பரை எடுத்தேன். நாங்கள் வெளியே வாடகைக்குப் போனால் மாதம் 9,000. ஐந்து மாதத்துக்கு 45,000. வர வேண்டிய வாடகை நின்றால் 32,500. ஒரு செங்கல்லைத் தொடுவதற்கு முன்பே 77,500 ரூபாய் காற்றில் போகும். அதோடு, எழுபது வருடம் நின்ற தேக்கை ஏன் இறக்க வேண்டும் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. யாரும் காலி செய்வதில்லை. வருகிற வாடகையையும் என் சம்பளத்தில் மிஞ்சுவதையும் மட்டும் வைத்து, மாதாமாதம் முடிந்த அளவுக்கு வேலை பார்ப்பது என்று முடிவு செய்தோம். மேல்தளத்துக்கு மட்டும் அறுபதாயிரம் நகைக்கடன். மனைவி வளையலைக் கழற்றிக் கொடுத்தபோது ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டியதைவிட அதிகம்.

கும்பகோணத்தில் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் வேண்டுமென்றால் கோயில் திருப்பணி நடக்கும் இடத்தில்தான் தேட வேண்டும். அப்படிக் கிடைத்த மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். மாடியில் கால் மணி நேரம் நடந்தார். ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஊற்றினார். தண்ணீர் வெளியேறும் தூம்பை நோக்கி ஓடாமல் பிளாஸ்டிக் தொட்டிக்காக நாங்கள் கட்டிய செங்கல் மேடையில் முட்டி நின்றது. "கூரை கெடவில்லை தம்பி, வாட்டத்தை நீங்கள் கெடுத்திருக்கிறீர்கள்" என்றார். அந்த மேடையை 2009-ல் நின்று கட்டவைத்தது நான்தான் என்பதை அவரிடம் சொல்லவில்லை. கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று வேறு. வருடாவருடம் ஒடித்துப்போட்டுவிட்டுத் திருப்தியாகக் கீழே இறங்கியிருக்கிறேன். வேரைத் தோண்டி எடுத்தபோது இரண்டு முழம் இருந்தது.

பொங்கல் கழிந்து வேலை தொடங்கியது. உடைந்த தட்டோட்டையும் உளுத்த ஜல்லியையும் அகற்றிவிட்டுப் புது ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, மரக்கட்டையால் அடித்தார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிக்க வேண்டும். எதுவரை என்று கேட்டேன். கட்டை துள்ளுகிற வரை என்றார். முதல் நாள் கட்டை பொத்தென்று விழுந்தது. நான்காம் நாள் மேஸ்திரி என் கையில் கொடுத்து அடிக்கச் சொன்னபோது, கல்லில் பட்டதுபோல் எகிறித் திரும்பியது. அந்த நான்கு நாளும் கீழே இரண்டு வீட்டிலும் தலைவலி. பக்கத்து வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு என்பதால் மாலை நான்கு மணிக்குக் கட்டைகள் ஓய்ந்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

எந்த வேலையை நாமே செய்வது என்பதில் முதலில் எனக்குப் பேராசை. பிறகு கணக்குப் பேசியது. அலுவலகத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் எனக்கு ஒரு நாளைக்கு 1,400 ரூபாய் போகும். கொத்தனார் கூலி 1,100, சித்தாளுக்கு 700. வேலை நாளில் நான் கரண்டி பிடித்தால் நஷ்டம்தான். ஆகவே ஞாயிறும் சாயங்காலமும் மட்டும். பழைய பெயின்ட்டைச் சுரண்டுவது, உப்புத்தாள் போடுவது, கதவு ஜன்னலுக்கு எண்ணெய் அடிப்பது, குழாய்க்கு வாஷர் மாற்றுவது, குப்பையைச் சாக்கில் கட்டுவது எல்லாம் எங்கள் பங்கு. சுண்ணாம்பு நீற்றுவதும் என் வேலையாயிற்று. கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீரில் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணாடி போடாமல் பக்கத்தில் நிற்கக் கூடாது. தொட்டி தளதளவென்று கொதிக்கும். நீற்றியதைச் சலித்துத் தண்ணீருக்கடியில் வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். விரல் நுனிகள் வெடித்து, இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு மடத்தனம் செய்தேன். 2022 ஜூனில் மேஸ்திரி ஒரு கோயில் வேலைக்குப் போய்விட்டார். கூடத்துச் சுவரில் ஓதம் ஏறி, கீழே மூன்றடிக்கு உப்புப் பூத்துக் கிடந்தது. சாய்ந்து உட்கார்ந்தால் முதுகெல்லாம் வெள்ளை மாவு. அவர் வரும்வரை பொறுக்காமல், நான்கு மூட்டை சிமென்ட் வாங்கி நானே மூன்றடி உயரத்துக்குப் பூசினேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், நேர்த்தியாகவே இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். அக்டோபர் மழை தொடங்கிய மூன்றாவது வாரம், என் சிமென்ட் கோட்டுக்கு மேலே, தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் பழைய பூச்சு பொரிந்து உதிர்ந்தது. சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைத் தன் மேல்பரப்பு வழியாகவே வெளியே விடும். நான் அந்த வழியை அடைத்துவிட்டேன். அது இன்னும் இரண்டடி ஏறி வேறு வழி பார்த்துக்கொண்டது. தைமாதம் திரும்பி வந்த மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்து, "யார் பூசியது?" என்று கேட்டார். வெளியூர் ஆள் என்றேன். என் மகன் சிரித்துவிட்டான். சிமென்ட்டைக் கொத்தி எடுக்கவே இரண்டு நாள் கூலி ஆயிற்று. பிறகு சுண்ணாம்புப் பூச்சு. அதன் மேல் கடைக்காரர் எவ்வளவு சொல்லியும் எமல்ஷன் அடிக்கவில்லை. நீலமும் கொஞ்சம் வஜ்ரப் பசையும் சேர்த்து வெள்ளையடித்தோம்.

மின்சாரத்தில் மட்டும் ஆரம்பத்திலிருந்தே கை வைக்கவில்லை. மரச் சட்டத்துக்குள் ஓடிய ரப்பர் உறை கம்பிகளைத் தொட்டால் உறை பொடியாக உதிர்ந்தது. எலக்ட்ரீஷியன் புது ஒயர் இழுத்து, மின்கசிவு வந்தால் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. ஒன்றும் வைத்தார். எல்லாம் சரி, கூடத்துப் பழைய மின்விசிறியைப் போட்டால் மட்டும் வீடே இருண்டது. மின்விசிறியை மாற்றியும் அதே கதை. ஒன்றரை நாள் தேடிக் கண்டுபிடித்தார்: அந்த மின்விசிறிக்கு மட்டும் மின்சாரம் வருகிற ஃபேஸ் கம்பி எங்கள் மீட்டரிலிருந்து வந்தது, அது திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி நடுச்சுவர் வழியாகப் பக்கத்து வீட்டு மீட்டருக்குப் போனது. போன மின்சாரம் திரும்பி வரவில்லையென்றால் கசிவு என்றுதான் அந்தப் பெட்டி நினைக்கும். தாத்தாவும் தம்பியும் ஒன்றாய் இருந்த காலத்தில் யாரோ சுலபத்துக்காக இழுத்தது. அப்போதே பக்கத்துப் போர்ஷனுக்கும் ஒயரிங்கை மாற்றினோம். உள்ளே வெளியே ஒயரிங்கும் வெள்ளையடிப்பும் வீட்டுக்காரர் பொறுப்பு, வாஷரும் சுவிட்சும் குடியிருப்பவர் பொறுப்பு என்று தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. இரண்டு மீட்டரையும் ஒன்றாக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். தனித்தனியாக இருந்ததால்தான் இரண்டு குடும்பத்துக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் தனித்தனியாக இலவசமாகக் கிடைத்தது. அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினோம்.

எங்கள் கழிப்பறையை உடைத்தபோது ஒன்பது நாள் பக்கத்து வீட்டுக் கழிப்பறைதான் ஒன்பது பேருக்கும். காலை ஆறு மணி முதல் ஏழு வரை அவர்கள், அதற்குப் பிறகு நாங்கள். என் அம்மாவுக்கு மட்டும் எந்த நேரமும் திறந்துவிட வேண்டும் என்று அந்த அம்மாவே சொன்னார். அந்த மாதம் வாடகையில் பாதியைக் குறைத்துக்கொள்ளச் சொன்னேன். தூசிதான் அவருக்குப் பெரிய தொல்லை. சுண்ணாம்புத் தூள் படிந்து ஒரு கல்யாண ஜாக்கெட் வீணானது. துணிக்கான பணத்தைக் கொடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு சுரண்டும் வேலை இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுவேன், அவர் தைக்காமல் காஜா எடுக்கும் வேலையை வைத்துக்கொள்வார்.

2024 பிப்ரவரியோடு இருபத்தாறு மாதம். செலவு 3,38,000 ரூபாய். அதில் வாடகையிலிருந்து வந்தது 1,65,750. நகைக்கடனை இரண்டு வருட போனஸில் அடைத்தோம். 2023 மழையில் மாடியில் தண்ணீர் தேங்கவில்லை, குண்டான்களும் அடுப்படியிலேயே இருந்தன. கூடத்துச் சுவரில் ஒரு மூலையில் மட்டும் இன்னும் லேசாக உப்புப் பூக்கிறது, துடைப்பத்தால் தட்டிவிடுகிறேன்.

கிணற்றடித் தளம் பாக்கி. அங்கேயும் வாட்டம் தப்பாகத்தான் இருக்கிறது, குளித்த தண்ணீர் நடுச்சுவர் பக்கமாகப் போகிறது. ஆடியில் யாரும் புதிதாகப் பூமி பூஜை போடமாட்டார்கள், கொத்தனார்கள் சும்மா இருப்பார்கள், மேஸ்திரியும் அப்போது வருகிறேன் என்றிருக்கிறார். தானில்லாதபோது வெளியூர் ஆளைக் கூப்பிட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.