டனீடின் வழியாக எடின்பரோவுக்கு: ஸ்காட்லாந்து முன்னோரின் தடம் தேடி

நியூசிலாந்தின் தென் தீவிலுள்ள டனீடினுக்கு, எடின்பரோவின் கெய்லிக் மொழிப் பெயரையே வைத்திருக்கிறார்கள். டனீடின் இருக்கும் ஒடாகோ பகுதியில் நடந்த குடியேற்றத்தின் முதல் இரண்டு கப்பல்களும் 1848இல் வந்தன. 'ஜான் விக்ளிஃப்' மார்ச் 23, 'ஃபிலிப் லேயிங்' ஏப்ரல் 15. இப்படி வந்த முன்னோரைத் தேடுபவர்கள் எடுத்த எடுப்பில் எடின்பரோவுக்கு டிக்கெட் போட வேண்டாம். எந்தப் பாரிஷ் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) என்று தெரியாமல் போனால், அங்கே ஒரே பெயரில் இருபது பேர் வந்து நிற்பார்கள். பாரிஷ் பெயரை டனீடினில்தான் பிடிக்க வேண்டும்.

அதற்கு இறப்புப் பதிவுதான் சாவி. 1876 முதல் நியூசிலாந்து இறப்புப் பதிவில் பிறந்த ஊர், தந்தையின் பெயரும் தொழிலும், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், எங்கே எந்த வயதில் திருமணம், எத்தனை ஆண்டு நியூசிலாந்தில் வாழ்ந்தார் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. சான்றிதழ் வேண்டாம், 'பிரின்ட்அவுட்' (பதிவின் அச்சுநகல்) கேளுங்கள், செலவும் குறைவு. இறந்த ஆண்டில் அந்த வாழ்ந்த ஆண்டுகளைக் கழித்தால் வந்திறங்கிய ஆண்டு கிடைக்கும். இரண்டு மூன்று ஆண்டு முன்பின் வைத்தே கப்பல் பட்டியலைப் பாருங்கள். விவரம் சொன்னவர் மருமகனாக இருந்தால் மாமனாரின் அம்மா பெயர் தவறியிருக்கலாம். பிறந்த ஊர்க் கட்டத்தில் வெறும் 'ஸ்காட்லாந்து' என்றிருந்தால், நியூசிலாந்தின் பழைய நாளிதழ்கள் இருக்கும் 'பேப்பர்ஸ் பாஸ்ட்' இணையதளத்தில் பழைய 'ஒடாகோ விட்னஸ்' இதழ்களின் மரண அறிவிப்புகளைத் தேடுங்கள்.

பாரிஷ் கையில் வந்தபின் எடின்பரோ. வேவர்லி ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், பிரின்சஸ் தெருவின் கிழக்கு முனையில் ஜெனரல் ரெஜிஸ்டர் ஹவுஸ் இருக்கிறது. அங்குள்ள, ஸ்காட்லாந்தின் குடும்பப் பதிவுகளைத் தேடும் இடமான ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் மையத்தில் முன்பதிவு செய்து உட்காரலாம். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு தொடங்கியது 1855 ஜனவரி 1. அதற்கு முந்தியது தேவாலயப் பதிவேடு. அதில் பெரும்பாலும் இருப்பது ஞானஸ்நானத் தேதி, பிறந்த தேதி அல்ல.

பலரும் தடுக்கி விழும் இடம் 1843. அந்த ஆண்டு ஸ்காட்லாந்துத் தேவாலயம் பிளந்து, ஃப்ரீ சர்ச் என்ற சபை தனியாகப் போனது. ஒடாகோவுக்கு வந்தவர்களில் பலர் அந்தச் சபையினர்தான். பிளவுக்குப் பின் பிறந்த குழந்தையைப் பழைய பாரிஷ் பதிவேட்டில் காணவில்லை என்றால் சோர்ந்துவிடாதீர்கள். ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளின் 'பிற தேவாலயங்கள்' பிரிவுக்குப் போங்கள். இன்னொரு வழியும் உண்டு: ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் தங்கைகள். அவர்கள் 1855க்குப் பின் இறந்திருந்தால், அந்தப் பதிவில் தாய் தந்தை பெயர்கள் இருக்கும்.

1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயதை நம்ப வேண்டாம். பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதினார்கள். 44 வயதுக்காரர் 40 ஆகிவிடுவார்.

குழந்தைகளின் பெயர்களையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் வைப்பது அங்கே வழக்கம். பேரன் என்றாலே 'பெயரன்' என்று அறிந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும். எல்லாக் குடும்பமும் இதைப் பின்பற்றவில்லை. துப்பாக வைத்துக்கொள்ளலாம், சாட்சியாக அல்ல.

கடைசியாக அந்தப் பாரிஷின் கல்லறைத் தோட்டம். வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ போனால் தேய்ந்த எழுத்தும் நிழலில் எழுந்து தெரியும். கம்பித் தூரிகையும் சுண்ணக்கட்டியும் கல்லைக் கெடுக்கும், தொடாதீர்கள். பெற்றோரின் கல்லிலேயே, கடல் கடந்து போய் அங்கே இறந்த பிள்ளையின் பெயரையும் ஊரையும் சேர்த்துப் பொறிப்பதுண்டு. அந்த வரி பெரும்பாலும் கீழே, புல் மூடிய இடத்தில் இருக்கும். குனிந்து, புல்லைக் கையால் விலக்கிப் படியுங்கள்.