மொழிபெயர்த்திருப்பாங்கம்மா

"ஹிந்தியில வந்ததை அப்படியே மொழிபெயர்த்திருப்பாங்கம்மா."

அன்றைக்கு நான் சொன்னது இவ்வளவுதான். நாலு மாதம் ஆகிவிட்டது. பல் இடுக்கில் மாட்டிய மாங்காய் நார் மாதிரி நாக்கு இன்னும் அங்கேயே போய்க்கொண்டிருக்கிறது.

எங்கள் விளம்பர ஏஜென்சியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மாதம் ஒரு வகுப்பு, அந்த மாதம் என் முறை. பழைய விளம்பரங்கள் என்று தலைப்பு வைத்ததற்குக் காரணம் சோம்பேறித்தனம். படத்தைப் போட்டால் அதுவே சிரிப்பை வாங்கிக்கொடுத்துவிடும். அமெரிக்கச் சரக்கில் ஆரம்பித்தேன். 1953-இல் அல்கோவா அலுமினிய கம்பெனி தன் பாட்டில் மூடிக்குப் போட்டது: கெச்சப் பாட்டிலைப் பிடித்தபடி ஒரு பெண், "பொம்பளைகூடத் திறந்துடலாம்னா சொல்றீங்க?" என்கிற மாதிரி ஒரு வரி. அடுத்து வான் ஹூசன் டை. ஐயா கட்டிலில் சாய்ந்திருக்கிறார், அம்மா மண்டிபோட்டுக் காலை உணவுத் தட்டை நீட்டுகிறாள், இது ஆம்பளைங்க உலகம்னு அவளுக்குக் காட்டு என்று தலைப்பு. நல்ல சிரிப்பு. அப்புறம் நம்ம ஊர்ப் பக்கம் வந்தேன். நிர்மா பாட்டில் ஹேமா, ரேகா, ஜெயா, சுஷ்மா என்று நாலு பேர் வருகிறார்கள், துணி துவைக்க ஒரு ரமேஷ்கூட அகப்படவில்லை. பெண்டாட்டி மேல் பிரியம் இருக்கிறவன் பிரெஸ்டீஜை எப்படி வேண்டாம் என்பான் என்று கேட்கும் குக்கர் விளம்பரம். பிரியம் அவருக்கு, அடுப்பு அந்தம்மாவுக்கு என்றேன். இது என் பழைய ஜோக், ஒவ்வொரு வருஷமும் போணியாகும்.

அப்போதுதான் அந்தப் பயிற்சிப் பெண் எழுந்தாள். ஸ்கேன் பண்ணச் சொல்லி பழைய டியர்ஷீட் கட்டு ஒன்றை, அதாவது எங்கள் விளம்பரங்கள் வந்த பத்திரிகைப் பக்கங்களை, நான்தான் அவளிடம் கொடுத்திருந்தேன். "சார், இதுவும் அதுல இருந்துச்சு" என்று ஒன்றைத் திரையில் போட்டாள். வாரப் பத்திரிகையில் அரைப் பக்கம். தலையில் மல்லிகைப்பூவோடு கண்ணாடி பார்க்கும் பெண், ஓரத்தில் ஒரு சிவப்பழகு கிரீம் ட்யூப், மேலே கொட்டை எழுத்தில்: "பெண் பார்க்க வருகிறார்களா? இன்னும் நான்கு வாரம் இருக்கிறதே!"

"இதை எழுதினவங்க என்ன நினைச்சு எழுதியிருப்பாங்க சார்?"

குத்திக்காட்டும் குரல் எல்லாம் இல்லை, உண்மையாகவே கேட்டாள். நான் மேலே இருக்கும் பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன்.

எழுதியது நான். 1996.

சரி, மொழிபெயர்ப்பு என்றதில் பாதி உண்மை உண்டு. அப்போதெல்லாம் பம்பாயிலிருந்து மாஸ்டர், அதாவது ஹிந்தி மூல விளம்பரம், வரும், நாங்கள் தமிழில் உட்கார வைப்போம். சிவப்பழகு என்ற சொல்லை நான் கண்டுபிடிக்கவில்லை, புழக்கத்தில் இருந்தது. ஹிந்தியில் 'கோரா' என்றால் நமக்கு அது சிவப்பு. 'வெள்ளையழகு' என்று எவனாவது எழுதியிருந்தால் படிக்கிறவர்களுக்கு வெண்குஷ்டம்தான் ஞாபகம் வந்திருக்கும். அந்த விளம்பரத்தின் ஹிந்தித் தலைப்பு மூன்றே சொல், அதில் நடுநாயகம் 'நிகார்'. முகம் தெளிந்து மலர்வது என்று சொல்லலாம். பொலிவு என்று எழுதிப் பார்த்தேன், சவசவ என்று இருந்தது. வேறு என்னென்னவோ எழுதி அடித்தேன். கடைசியில் பெண் பார்க்கும் வரி வந்தது. ஹிந்தியில் பெண்ணும் பார்க்கவில்லை, பிள்ளையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் உட்கார வைத்தது முழுக்க முழுக்க என் கைவேலை. கிளையன்ட் துள்ளிக் குதித்தார். நானும்தான்.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். அக்காவுக்கு மூன்று வருஷமாக வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். தேதி குறித்ததும் அம்மா நாள் எண்ணுவாள்: "இன்னும் பத்து நாள் இருக்கு, பயத்தமாவு தேய்ச்சுக் குளிக்கச் சொல்லு." வீட்டில் காதில் விழுந்ததை எழுதினேன், ஊரில் இல்லாததையா எழுதினேன்? இந்த வாதம் ராத்திரி பதினொரு மணிக்கு நன்றாக நிற்கிறது. காலையில் பல் தேய்க்கும்போது விழுந்துவிடுகிறது. அம்மா சொன்னது ஒரு வீட்டுக்குள் இருந்தது, நான் அதை அச்சுக்கு அனுப்பினேன்.

அந்தக் காலம் அப்படி என்று தப்பிக்கவும் வழியில்லை. ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரங்களை எதிர்த்து ஜனநாயக மாதர் சங்கம் போராடி, 2003-இல் மத்திய அமைச்சகம்வரை போய், சில படங்கள் நின்றன. ஆக, தப்பு என்று சொல்ல அப்போதே ஆள் இருந்தது. செய்தி வந்த அன்று இவங்களுக்கு வேற வேலை இல்லை என்று கேண்டீனில் பேசிக்கொண்டோம். பேசியவர்களில் நானும் ஒருவன். 2014-இல் விளம்பரத் தர கவுன்சில், கறுப்பாக இருந்தால் கல்யாணம் ஆகாது, வேலை கிடைக்காது என்று காட்டக் கூடாது என விதி போட்டது. அதைப் படித்தபோது யாரோ என் டியர்ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய மாதிரி இருந்தது. அன்றைக்கே அதை உருவித் தூர எறிந்திருக்கலாம். எறியவில்லை. கட்டை அவளிடம் கொடுக்கும்போது உள்ளே அது இருப்பது எனக்கு மறந்துபோயிருந்ததா? மறந்துதான் போயிருந்தது என்று நினைக்கிறேன்.

அக்கா அந்தப் பக்கத்தை வெட்டி பீரோவில் வைத்திருந்தாள். வருகிறவர்களிடம் "என் தம்பி எழுதினது" என்று காட்டுவாள். ஆபீசில் இலவசமாகக் கொடுத்த மூன்று ட்யூப்பையும் தீர்த்ததும் அவள்தான். கடைசி ட்யூப்பை அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி, முடிவில் கத்தரியால் வெட்டி விரலால் வழித்தாள். கண்ணாடி முன்னால் நிற்கும் அந்தப் பெண் யார் என்று அவளுக்குத் தோன்றியிருக்குமா? கேட்டதில்லை. கேட்டால் "போடா, அதுக்கு உனக்கு இன்கிரிமென்ட் குடுத்தாங்கல்ல" என்பாள். கொடுத்தார்கள்.

போன வாரம் அந்தப் பயிற்சிப் பெண்ணிடம் சொல்லிவிடுவது என்று அவள் சீட்டுக்குப் போனேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று பாதி வழியில் நின்று, மறுபடி நடந்தேன். திரையில் புது கிரீம் ஒன்றின் பிரீஃப், என்ன விளம்பரம் வேண்டும் என்று கிளையன்ட் தரும் குறிப்பு. ஃபேர் அண்ட் லவ்லியே 2020-இல் குளோ அண்ட் லவ்லி ஆன பிறகு இந்தப் பக்கம் யாரும் நிறத்தைப் பேசுவதில்லை, எல்லாம் குளோதான்.

"நல்ல நேரத்துல வந்தீங்க சார். குளோவுக்குப் பொலிவுன்னு போட்டா போதுமா? சப்புன்னு இருக்கே."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உடனே ஒரு வரி தோன்றியது. சொன்னேன். "செம சார்" என்று டைப் அடித்துக்கொண்டாள். சொல்ல வந்ததை நான் மறுபடி எடுக்கவில்லை.