ஆல்டர் புதருக்குள் எந்த ரைஃபிள்?

அலாஸ்காவில் மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்கு, நெம்புகோலை இறக்கி ஏற்றி அடுத்த தோட்டாவைத் தள்ளும் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்தான் என்று முடிவெடுத்த பிறகு கடையில் இரண்டைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டும் .45-70 தோட்டாவுக்கானவை. ஹென்றி நிறுவனத்தினது பார்க்க அழகுதான், ஆனால் மனம் சாய்ந்தது மார்லின் 1895 எஸ்.பி.எல். பக்கம். 19 அங்குலக் குழல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், எடை சுமார் மூன்றேகால் கிலோ. ஆல்டர் புதருக்குள் நீளக் குழல் கிளைகளில் மாட்டிக்கொண்டே இருக்கும். மழை வேறு.

.45-70 என்பது 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த தோட்டா. பழைய துப்பாக்கிகள் தாங்க வேண்டுமே என்று இன்றும் மிதமான அழுத்தத்தில் தயாராகிறது. மார்லினுக்கு அதைவிடக் காரமான வகையும் கிடைக்கும்; பெட்டியில் இருப்பதைப் படித்து வாங்குங்கள். அப்புறம், குழலுக்கு அடியில் உள்ள குழாய் மேகசினில் தோட்டாக்கள் வரிசையாக இருக்கும்; ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமர் (அடிபட்டால் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) மேல்தான் உட்காரும். உதையில் கூர்முனை அதைக் குத்தி வெடிக்க வைக்கலாம்; அதனால் கடினமான கூர்முனை கூடவே கூடாது. தட்டை முனை, அல்லது இதற்கென்றே வரும் மெத்தென்ற பாலிமர் முனை.

100 கஜத்தில் சரியாகப் படும்படி குறியை அமைத்தால் 200 கஜத்தில் கனமான குண்டு ஓர் அடிக்கு மேல் இறங்கிவிடும். வெட்டவெளியில் கரிபூ மான் தேடுகிறவர் வேறு ரைஃபிள் பார்க்கலாம். சுடும்போது தோளில் உதையா? சரியான உதை. தோளில் படும் முனையில் ரப்பர் பட்டை இல்லாததை வாங்காதீர்கள்.