முத்துலட்சுமியின் நீளம் எவ்வளவு?

போன மாதம் உடுமலை பக்கத்தில் ஒரு மகளிர் சேமிப்புக் குழுவுக்கு உறுப்பினர் அட்டை அச்சடித்துக் கொடுத்தேன். அதற்கான கணினி நிரல் நான் எழுதியது. அட்டைகளை வரிசையாகக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா தன் அட்டையை வாங்கி, கண்ணுக்கு அருகில் பிடித்து, விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் படித்தார். அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றவராம். கடைசி எழுத்தில் விரல் நின்றுவிட்டது.

"ஏங்கண்ணு, மி-க்கு மேல கொக்கியக் காணோமே?"

வாங்கிப் பார்த்தேன். 'முத்துலட்சும' என்று இருந்தது. அச்சு மங்கவில்லை, தாள் கிழியவில்லை. என் நிரல்தான் அந்தக் கொக்கியை வெட்டியிருக்கிறது. அட்டையில் பெயருக்கு 12 எழுத்து இடம் என்று கணக்குப் போட்டு, ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் முதல் 12-ஐ மட்டும் எடுக்கும்படி ஒரு வரி எழுதியிருந்தேன். முத்துலட்சுமியை நீங்களே எண்ணிப் பாருங்கள்: மு, த், து, ல, ட், சு, மி. ஏழுதான். ஏழெழுத்துப் பெயர் 12-க்குள் அடங்கவில்லை என்று கணினி சொல்கிறது.

அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த கணினி மொழிகளில் எல்லாம் அதன் நீளத்தைக் கேட்டுப் பார்த்தேன். பைதான் 5 என்றது. ஜாவாஸ்கிரிப்டும் ஜாவாவும் ரூபியும் அதே 5. சி மொழியில் நீளம் கேட்கும் கட்டளையான எஸ்டிஆர்லென் 15 என்றது. கோ, ரஸ்ட் இரண்டிலும் லென் கேட்டால் 15. ஸ்விஃப்டில் கவுன்ட் கேட்டால் 3. எலிக்ஸிரும் 3. பிஎச்பியில் மூன்று விடையும் கிடைக்கிறது: எஸ்டிஆர்லென் 15, எம்பி எஸ்டிஆர்லென் 5, கிராஃபீம் எஸ்டிஆர்லென் 3.

எதுவும் தப்பில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளை எண்ணுகிறது. கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு கொடுக்கும் யூனிகோட் முறையில் 'மி' என்பது ஒரே எழுத்தாக இல்லை. 'ம' ஒரு குறியீடு, அதன் மேல் ஏறும் கொக்கி தனிக் குறியீடு. 'ழ்' என்பதும் 'ழ', அப்புறம் புள்ளி. ஆக த, ம, கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து. அந்த ஐந்தில் ஒவ்வொன்றும், குறியீடுகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், கணினி நினைவகத்தில் 3 பைட் இடம் பிடிக்கும், அதனால் 15. கண்ணால் பார்த்துப் படிக்கும் மனிதருக்கு மூன்று. முத்துலட்சுமிக்கு இந்தக் கணக்கில் 39 பைட், 13 குறியீடு, 7 எழுத்து. என் 12 வெட்டியது அந்தப் பதின்மூன்றாவது குறியீட்டை, அதாவது கொக்கியை.

யூடிஎஃப்-8 பிறந்தது 1992-ல். நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் கென் தாம்சன் அதை வரைந்தார், கூட இருந்தவர் ராப் பைக். பிற்பாடு அந்த இருவரும் ராபர்ட் கிரீஸ்மரும் சேர்ந்து உருவாக்கிய மொழிதான் கோ. அதில் லென் என்று கேட்டால் பைட் கணக்கு வருவது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அவர்களுக்கு உரை என்றால் முதலில் பைட் வரிசைதான். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 1995-ல் வந்தவை. உலகத்து எழுத்து ஒவ்வொன்றும் 16 பிட்டுக்குள், அதாவது 2 பைட்டுக்குள், அடங்கிவிடும் என்று நம்பிய காலம். அதனால்தான் இன்றைக்கும் அந்த இரண்டிலும் அதற்குள் அடங்காத ஒரு சிரிப்பு முகத்தை இட்டு நீளம் கேட்டால் 2 என்று வருகிறது.

தரவுதளத்திலும் இதே கதைதான். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுதளத்தில் லெங்த் என்றால் பைட், கேர் லெங்த் என்றால் குறியீடு. ஆரக்கிள் என்ற இன்னொரு தரவுதளத்தில் உரைக்கான இடத்துக்கு வார்கேர்2 என்று போட்டு வெறுமனே 20 கொடுத்தால், அமைப்பை மாற்றாத வரையில் அது 20 பைட். அதில் 'முத்து' மட்டும்தான் கொள்ளும், 18 பைட். லட்சுமிக்கு இடமில்லை. நல்லவேளை, ஆரக்கிள் வெட்டிப் போடாமல் பிழை சொல்லிவிடும். எனக்கு அந்தப் பிழைச் செய்தி பிடிக்கும். சத்தமில்லாமல் வெட்டுவதுதான் ஆபத்து.

குறுஞ்செய்தியில் இந்தக் கணக்கு நேராகக் காசில் வந்து விழும். ஒரு குறுஞ்செய்திக்குள் 140 பைட். ஆங்கிலம் என்றால் அதில் 160 எழுத்து. தமிழ் எழுத்து ஒன்று கலந்தாலும் முழுச் செய்தியும் குறியீட்டுக்கு 2 பைட் பிடிக்கும் வேறு முறைக்கு மாறி, 70 குறியீடாகச் சுருங்கிவிடும். அதைத் தாண்டினால் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு 67. 'வணக்கம்' என்று தொடங்கினாலே அதில் 7 போய்விடும், நாம் எண்ணுவது ஐந்தாக இருந்தாலும். குழுவுக்குத் தவணை நினைவூட்டல் அனுப்பும்போது செலவு ஏன் இரட்டிப்பாகிறது என்று தலைவி கேட்டார். ஒரு தாளில் புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி எண்ணிக் காட்டினேன். உடனே புரிந்துகொண்டார்.

நம் ஆட்கள் எதை எண்ணுகிறோம் என்பதில் எவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறார்கள் என்று அப்போது தோன்றியது. கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வகைக்கு அடி ஒன்றுக்கு எழுத்துக் கணக்கு உண்டு: நேரசையில் தொடங்கினால் 16, நிரையசையில் தொடங்கினால் 17. ஆனால் அந்தக் கணக்கில் புள்ளி எழுத்தைச் சேர்க்கக் கூடாது. ஒற்றெழுத்தை நீக்கி எண்ண வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. அப்படிப் பார்த்தால் 'தமிழ்' இரண்டு. ஒலிக்கும் நேரத்தை மாத்திரையில் அளந்தால் இரண்டரை: த ஒன்று, மி ஒன்று, ழ் அரை. ஒரே சொல்லுக்கு எழுத்தெண்ணிக்கை வேறு, யாப்புக்கு வேறு, ஒலிக்கு வேறு. மூன்றுக்கும் தனித்தனிப் பெயரும் உண்டு. நான் எழுதிய நிரலில் 'நீளம்' என்ற ஒரே சொல்தான் இருந்தது.

சரி, திருத்தத்துக்கு வருகிறேன். முதலில் ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டர் என்ற கருவியைப் பயன்படுத்தி, எழுத்து எழுத்தாகப் பிரித்தேன். பைதானில் வேலை செய்பவர்களுக்கு ஓப்பன்-தமிழ் நூலகம் இதைச் செய்துகொடுக்கும். முத்துலட்சுமி முழுதாக வந்தது, தமிழ்ச்செல்வியும் வந்தார். ஸ்ரீதேவியில் மாட்டிக்கொண்டேன். 'ஸ்ரீ' நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, ஆனால் யூனிகோட் விதிப்படி அது ஸ், ரீ என்று இரண்டாகப் பிரியும். 'க்ஷ'வும் அப்படியே. பட்டியல் போட்டுத் தனியாகச் சேர்த்தேன்.

அதை முடித்த பிறகுதான் உறைத்தது, நான் எண்ணியதே வேண்டாத வேலை. அட்டையில் இருப்பது 52 மில்லிமீட்டர் இடம். 'ர' எடுக்கும் இடம் வேறு, 'ணை' எடுக்கும் இடம் வேறு. எத்தனை எழுத்து என்று கேட்பதைவிட, இந்தப் பெயரை இந்த எழுத்துருவில் இட்டால் எத்தனை மில்லிமீட்டர் வரும் என்று கேட்பதுதான் சரி. இப்போது நிரல் அகலத்தை அளந்து, இடம் போதாவிட்டால் எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்குகிறது. வெட்டும் வரியை முழுக்க நீக்கிவிட்டேன். ஒருவர் பெயரை வெட்டும் உரிமை அந்த வரிக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

அந்த அம்மாவுக்குப் புது அட்டையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுபடியும் விரல் வைத்துப் படித்தார். 'மி'-யில் வந்ததும் தலையாட்டிவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டார்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. 'கௌசல்யா' என்பதைப் பலர் க-வுக்கு முன் ஒற்றைக் கொம்பும் பின்னால் 'ள'வும் போட்டு 'கெளசல்யா' என்று தட்டச்சு செய்திருக்கிறார்கள். தாளில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். நீளம் கேட்டால் முதலாவது 7, இரண்டாவது 8. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. அவரவர் கணக்குப் புத்தகம் காணாமல் போனதாகக் காட்டும். பட்டியலில் இப்படி 14 பேர். தானாக மாற்றச் சொல்லிவிடலாம்தான். ஆனால் 'கெளுத்தி'யில் உள்ள 'கெளு' மாறிவிடக் கூடாதே, ஒவ்வொரு பெயராக நானே பார்த்து மாற்றிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்பது முடிந்திருக்கிறது.