ஷாஃப்ட் காட்டிய கோடு

மினசோட்டாவில் ஏரிகள் உறைந்த பிறகுதான் எங்கள் பட்டறையில் வேலை சூடுபிடிக்கும். கோடையில் யாரும் படகைப் பிரித்துப் போடச் சம்மதிக்க மாட்டார்கள். நவம்பரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, மே மாதம் தண்ணீரில் இறக்கியாக வேண்டும் என்பார்கள். அப்படி ஒரு நவம்பரில் வந்து சேர்ந்தது, 1980களில் கட்டிய ஒரு ஸ்கீ படகு. அதில் எஞ்சினை உட்காரவைத்து அலைன்மென்ட், அதாவது எஞ்சினும் புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்டும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று, பார்த்த வேலை எனக்கு மிகவும் பிடித்த வேலை. நான் பெரிய தப்பு செய்ததும் அதே வேலையில்தான்.

தண்ணீரில் சறுக்குபவரை இழுப்பதற்கென்றே கட்டிய இந்தப் படகுகளில் எஞ்சின் பின்னால் தொங்காது. படகின் நடுவில், ஒரு பெட்டிக்குள் இருக்கும். எடை நடுவில் இருப்பதால் பின்பக்கம் அமுங்காது, பின்னால் எழும் அலை தாழ்வாக இருக்கும், சறுக்குபவர் பக்கவாட்டில் இழுத்தாலும் படகு நேராகப் போகும். எஞ்சினை ஒட்டிக் கியர்பாக்ஸ். அதன் கப்ளிங்கில், அதாவது இரண்டு வட்ட முகங்கள் ஒன்றோடொன்று சேரும் இணைப்பில், ஒரு அங்குல கனமுள்ள ஷாஃப்ட். அது படகின் அடியைத் துளைத்துச் சாய்வாக இறங்கி, ஸ்ட்ரட் என்கிற வெண்கலக் காலைத் தாண்டிப் புரொப்பெல்லரில் முடியும். எங்கள் படகில் இருந்தது ஃபோர்டு 351 எஞ்சின். கியர்பாக்ஸையும் சேர்த்தால் 400 கிலோவை நெருங்கும். அவ்வளவையும் தாங்குவது ஸ்டிரிங்கர்கள், அதாவது தளத்துக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் மர உத்திரங்கள். மேலே ஃபைபர்கிளாஸ் போர்த்தியிருக்கும்.

எஞ்சின் போல்ட்டுகள் மரத்தில் இறங்கும் துளைதான் தண்ணீர் புகும் வாசல். தளத்தை வெட்டி எடுத்துவிட்டு ஸ்டிரிங்கரில் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரைக்கும் போய்விட்டது. உள்ளே மரம் கறுத்து, ஊறவைத்த புளி மாதிரி பிசுபிசுவென்று வந்தது. வெளியே ஃபைபர்கிளாஸ் ஓடு மட்டும் மரத்தின் வடிவத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

மாற்ற வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால் படகின் அடி வளைந்துவிடும் என்பதால், கீழே முட்டுக்கொடுத்து ஒவ்வொன்றாக மாற்றினோம். எடுப்பதற்கு முன், எஞ்சினைத் தாங்கும் மவுன்ட் உட்காரும் நான்கு இடங்களிலும் பழைய ஸ்டிரிங்கரின் உயரத்தை அளந்து எழுதி வைத்தேன். அதே அளவுக்கு டக்ளஸ் ஃபிர் மரத்தை இழைத்து, எப்பாக்சியில் ஒட்டி, ஃபைபர்கிளாஸ் போர்த்தினோம். மூன்று வாரம் ஆனது. பார்க்க அழகாக இருந்தது.

அப்புறம் செயின் பிளாக்கில் எஞ்சினை இறக்கினோம். எஞ்சினை ஏற்றி இறக்கும் மவுன்ட் நட்டுகளை மேல் எல்லை வரை ஏற்றியும் கியர்பாக்ஸின் கப்ளிங் முகம் ஷாஃப்டுக்குச் சற்றுக் கீழேயே நின்றது. இன்னும் ஒரு சுற்று ஏற்றலாம் என்றால் மரையே மிச்சமில்லை.

நான் அளந்தது 400 கிலோவின் கீழ் பல வருடம் நசுங்கிய மரத்தை. எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்க இறங்க, யாரோ நட்டைத் திருகித் திருகிச் சமாளித்திருக்கிறார்கள். பழைய மவுன்ட்களைக் கழற்றும்போதே நட்டுகள் மேல் எல்லையில் நின்றதைப் பார்த்தேன். ஸ்ட்ரட்டுக்குள் இருந்த ரப்பர் பேரிங் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததையும் பார்த்தேன். இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கின்றன. ஏன் இப்படி என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பட்டறை நடத்தும் பெரியவர் கோபப்படவில்லை. "இந்தப் படகில் நகராத பொருள் ஸ்ட்ரட் ஒன்றுதான். அங்கிருந்து ஆரம்பி" என்றார்.

அங்கிருந்தே ஆரம்பித்தேன். ஸ்ட்ரட்டில் புதுப் பேரிங் போட்டு, நேராக இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்த ஷாஃப்டை உள்ளே விட்டேன். படகின் அடியில் அது நுழையும் குழாயில் மேலே, கீழே, இடம், வலம் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து நடுவில் நிறுத்தினேன். ஆனால் ஷாஃப்டின் முன்முனை அந்தரத்தில் இருக்கிறது, தன் எடையாலேயே கொஞ்சம் தொங்கும். அதை அப்படியே நேர்க்கோடு என்று நம்பிவிடக் கூடாது. அந்தரத்தில் நிற்கும் ஷாஃப்டின் எடையில் பாதி, அதோடு கப்ளிங்கின் முழு எடை, இவ்வளவையும் ஒரு தொங்கு தராசால் தூக்கிப் பிடித்தால் உண்மையான கோடு கிடைக்கும். அந்தக் கோட்டிலிருந்து அளந்தபோது ஸ்டிரிங்கர் அரை அங்குலம் உயர வேண்டியிருந்தது. கண்ணாடி நாரையும் எப்பாக்சியையும் அழுத்திச் செய்த கெட்டிப் பலகையை அரை அங்குல கனத்தில் வெட்டி, நான்கு இடத்திலும் ஒட்டினோம். மவுன்ட் நட்டுகள் மரையின் நடுவுக்கு வந்தன. மேலேயும் கீழேயும் நகர்த்த இடம் கிடைத்தது.

இனிதான் கப்ளிங். நல்ல அலைன்மென்ட் என்றால் இரண்டு முகங்களும் கையால் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு சேர வேண்டும். போல்ட்டால் இழுத்துச் சேர்த்தால் அது வேறு கதை. சேர்ந்த முகங்களுக்கு நடுவே, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டு, மேலே, கீழே, இரண்டு பக்கம் என நான்கு இடத்தில் பார்க்க வேண்டும். கப்ளிங்கின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு அங்குலம் வித்தியாசம் வரை பொறுக்கலாம் என்பது வழக்கம். நாலு அங்குலக் கப்ளிங்குக்கு 0.004 வரை போகலாம், நாங்கள் 0.003க்குள் கொண்டுவரப் பார்த்தோம். கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் கனம்.

முதல் தடவை கீழ்ப்பக்கத்தில் 0.011 காட்டியது. உடனே எஞ்சினை நகர்த்தவில்லை. கியர்பாக்ஸ் பக்கத்தை அப்படியே விட்டு, ஷாஃப்டை மட்டும் கால் சுற்று திருப்பினேன். இடைவெளி ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது கப்ளிங் முகம் சரியில்லை. இங்கே அது கீழேயே நின்றது. அப்படியென்றால் எஞ்சின்தான் கோணலாக இருக்கிறது, முன்பக்கம் உயர்ந்திருக்கிறது. முன் நட்டுகளைக் கால் சுற்று இறக்கினேன், குறைந்தது. லாக் நட்டை இறுக்கினேன், பக்கவாட்டில் புதிதாக ஒன்று முளைத்தது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும். இரண்டு நாள் முழுக்கப் படகுக்குள் குப்புறப் படுத்தே கிடந்தேன். ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு நாலு பக்கமும் ஒரே மாதிரி, இறுக்கமும் இல்லாமல் தளர்ச்சியும் இல்லாமல் நுழைந்தபோது அந்த உணர்வு விரல் நுனியில் அப்படியே தங்கிவிட்டது.

இதற்கு முன் நான் பம்ப், மோட்டார் கப்ளிங் பார்த்தவன். அவை கான்கிரீட்டில் நிற்பவை, அலைன்மென்ட் பார்த்தால் முடிந்தது. படகு அப்படி இல்லை. டிரெய்லரில் இருக்கும்போது அதன் அடி இரண்டு கட்டைகளின் மேல் நிற்கிறது. தண்ணீரில் அடி முழுவதையும் தண்ணீர் தாங்குகிறது. படகின் வடிவம் மயிரிழை மாறும். அதே மயிரிழைதான் நமக்குக் கணக்கு.

மே மாதம் லேக் பெப்பினுக்குக் கொண்டுபோனோம். மிசிசிப்பி ஆறு அகன்று ஏரியாகும் இடம் அது. 1922இல் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர் 8 அடி பைன் பலகைகளை முனை வளைத்துக் காலில் கட்டி, ஒரு படகின் பின்னால் முதன்முதலில் சறுக்கியது இங்கேதான். அந்த நீரில் எங்கள் படகும் இறங்குகிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

டேங்கில் பாதி பெட்ரோல் நிரப்பி, ஒரு இரவு முழுக்கக் கட்டிவைத்துவிட்டு, காலையில் கப்ளிங் போல்ட்டைக் கழற்றினேன். இடப்பக்கம் 0.007. பட்டறையில் இல்லாத இடைவெளி. சரி, எதிர்பார்த்ததுதான். பின் மவுன்ட்டைப் பக்கவாட்டில் நகர்த்தி 0.002க்குக் கொண்டுவந்தேன். எஞ்சினை ஓட்டியபோது, ஷாஃப்ட் நுழையும் இடத்தில் தண்ணீரைத் தடுக்க அதைச் சுற்றிய பேக்கிங்கில் தண்ணீர் வேண்டிய அளவுக்கு, நிதானமாக, துளித்துளியாகச் சொட்டியது. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். ஆட்டம் இல்லை.

கரைக்கு வந்ததும் எஞ்சின் பெட்டி மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதினேன்: தேதி, தண்ணீரில் எடுத்த நான்கு அளவுகள், நான்கு மவுன்ட்களிலும் நட்டுக்கு மேலே மிச்சமிருக்கும் மரையின் நீளம். அதற்குக் கீழே, ஸ்டிரிங்கரின் உயரம் ஷாஃப்ட் கோட்டிலிருந்து அளந்தது என்றும் எழுதினேன். இன்னும் 20 வருடம் கழித்து இந்த மூடியைத் திறப்பவருக்கு நட்டு நகர்ந்திருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.